மேட்னி ஷோவில் அப்பா

நவம்பர் 2, ஞாயிறு

மத்தியானத்துக்கு மேல இடி, மழை. வீட்டுல குடை ஒண்ணுதான். அப்பாவுக்குப் பிடிச்சதுல என் இடது தோள் முழுக்க நனைஞ்சாச்சு. நெய்யாற்றின்கரை தியேட்டர், மேட்னி.

கடையில வாரம் முழுக்க இந்தப் படத்துப் பேச்சுதான். சேலை பாக்க வர்ற பாதிப் பேருக்கு, கடைசி சீன்ல மக உடுத்தியிருக்கிற மாம்பழ மஞ்சள் வேணும். அப்படி என்னதான் இருக்குன்னு போனது.

கதை ஒண்ணும் பெருசில்ல. வீட்டை விட்டுப் போன மக. பேசாத அப்பன். வயசான பிறகு தேடிப் போறான். வாசல் வரைக்கும் போயிட்டு, கதவைத் தட்ட மனசு வராம நிக்கிறான். மழை. கொடியில துணி நனையுது. இவன் ஒவ்வொண்ணா எடுக்கிறான். அவ கதவைத் திறக்கிறா. பாக்கித் துணியை ரெண்டு பேருமா எடுக்கிறாங்க. ஒரு வார்த்தை கிடையாது. படம் முடிஞ்சுது.

தியேட்டர் முழுக்க மூக்கு உறிஞ்சுற சத்தம். பக்கத்துல திரும்பினா அப்பா. தோள்ல கிடந்த துவர்த்துத் துண்டை வாயில அமுக்கிப் பிடிச்சு, உடம்பு குலுங்க. அம்மா போனப்போகூட இந்த மனுஷன் அழுது நான் காணல.

ஆட்டோவுல குன்னத்துகால் வீடு வரைக்கும் வந்தோம். இறங்கும்போது அப்பா, "நல்ல படமாக்கும் மக்கா."

சிந்து நினைப்பு வராம இருந்திருக்குமா? என் தங்கச்சி. பொழியூர்ல கடலுக்குப் போற ஜெரோமைக் கட்டிட்டுப் போனவ. அன்னையில இருந்து அவ பேரை அப்பா வாயால சொன்னதில்ல.

வாங்க வேண்டியது: பி.பி. மாத்திரை. குடை. பல்பு.

நவம்பர் 4, செவ்வாய்

நல்ல வெயில். கடையில ஆளில்ல.

அதியன்னூர்ல இருந்து வந்த ஒரு டீச்சர், படம் பாத்து அழுதே போயிட்டாங்களாம். "கரஞ்ஞு போயி சேச்சீ." மகன் வெளிநாட்டுல, போன் எடுக்கிறதில்லையாம். பில் போடுற ஷீபாவும் அழுதிருக்கா. அவளுக்கு அண்ணன்கூட பேச்சுவார்த்தை இல்ல.

"படத்துல அண்ணனே கிடையாதே பிள்ளே?"

"அது எனக்குத் தெரியாதாக்கா? நான் எனக்க அண்ணனத்தான் கண்டேன்."

யோசிச்சுப் பாத்தேன். யாரு மேல தப்புன்னு படத்துல சொல்லவே இல்ல. யாரும் மன்னிப்புக் கேக்கல. அதனாலதான் அவங்கவங்க வீட்டைக் கொண்டுபோய் அதுல வைக்க முடியுது. வாயைத் திறக்காம எல்லாம் சரியாயிரணும். எல்லாருக்கும் அந்த ஆசைதான் போல. எனக்கும்.

சாப்பாட்டு நேரத்துல சிந்துவுக்கு போன். அவளும் பாத்திருக்கா. "மாமியாரும் நானும் ஒண்ணா இருந்து கரஞ்சோம் அக்கா." அப்பா அழுததைச் சொன்னேன். "எனக்காகவா?"ன்னு கேட்டா.

"பின்ன யாருக்காக?"

வீட்டுக்கு வந்தா அப்பா தானா கேக்கிறாரு, "அந்தப் படம் இப்பவும் ஓடுதா மக்கா? இன்னும் ஒருக்கா காணலாம்."

ஞாயித்துக்கிழமைக்கு சிந்துவை வரச் சொல்லியாச்சு. அப்பாவிட்ட ஒண்ணும் சொல்லல.

நவம்பர் 9, ஞாயிறு

எழுத முடியுமான்னு தெரியல.

சிந்துவும் மக மெர்லினும் எங்களுக்குப் பின் வரிசை. லைட் அணைஞ்ச பிறகு வந்து உக்காந்தாங்க. அப்பா பாக்கல. எனக்குப் படத்துல மனசே நிக்கல. மழை சீன் வந்தது. போன தடவையை விட அப்பாவுக்கு ஜாஸ்தி. பின்னால சிந்து அழுறதும் கேக்குது. இதோ இப்ப சரியாயிரும்னு, லைட் போடக் காத்திருக்கேன் நான்.

லைட் போட்டாங்க. சிந்து வந்து வரிசைக்கு முன்னால நின்னா, பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டு.

"அப்பா."

அப்பா முகத்துல ஈரம் காயல. அவளைப் பாத்தாரு. மெர்லினைக் கொஞ்சம் கூடுதலாவே பாத்தாரு. துவர்த்தால முகத்தைத் துடைச்சாரு. பிறகு சொன்னாரு, "ஒந்நு மாறணே."

கொஞ்சம் விலகுங்கன்னு, மலையாளத்துல. வீட்டுல தமிழ், வெளியாள்கிட்ட மலையாளம். அப்பாவுக்கு எப்பவும் அதான் வழக்கம். சிந்துவுக்கும் அது தெரியும். ஒதுங்கி வழி விட்டுட்டா.

நவம்பர் 10, திங்கள்

மேகமூட்டம். தலைவலி. ரெண்டு ரவிக்கைத் துணி அளவு தப்பா வெட்டி, மேனேஜர்கிட்ட ஏச்சு.

சிந்து கூப்பிட்டா. குரல் சாதாரணமாத்தான். "எனக்கிட்ட மலையாளம் பேசினாரு அக்கா." அப்புறம், "மெர்லின் கேக்கா, அந்த வயசான அப்பூப்பன் என்னத்துக்குக் கரஞ்சாருன்னு. சினிமா கண்டுன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?"

இனிமே இப்படி ஏதும் செய்யாதே அக்கான்னு சொல்லி வச்சிட்டா.

சினிமாக் கண்ணீரை நம்பிப் போயிட்டேன். இருட்டுல அழுறவன் வெளிச்சத்துல வேற ஆளு. பிள்ளை முன்னால சிந்துவை வெளியாளா நிறுத்தி வச்சது நான்தான்.

நவம்பர் 14, வெள்ளி

ஆட்டோ ராஜன் கடை வாசல்ல வச்சு: "அப்பாக்கு அந்தப் படம்னா உசிரு போல. நேத்தும் நான்தான் கொண்டு விட்டேன். அதுக்கு முந்தியும் ஒருநாள்."

தனியா போயிருக்காரு. நான் வேலைக்குப் போன பிறகு.

சாயங்காலம் சோறு போட்டுட்டே கேட்டேன். மறைக்கல.

"அதுல அவன் போறான் இல்லியா. அத காணத்தான்."

"நீங்களும் போலாமே அப்பா. பொழியூர் என்ன காசியா? ஒரு பஸ்ஸு."

சோத்தைப் பிசைஞ்சுட்டே இருந்தாரு. "போலாம். உனக்க முகத்தப் பாக்கும்போ போவத் தோணாது."

"எனக்க முகமா?"

"மூத்தவ நீ இருக்க அவ எறங்கிப் போனா. அதோட உன்னப் பாக்க ஒருத்தனும் வரல. நான் அவள சேத்துக்கிட்டா, அது உனக்கு நான் செய்ற துரோகம் இல்லியா? உனக்கு வேண்டியாக்கும் மக்கா நான் பிடிவாதமா நிக்கேன்."

தட்டு அப்படியே கிடக்க எழும்பிப் போயிட்டாரு.

எனக்கு நாப்பத்தாறு வயசு. கல்யாணம் ஆகலன்னு சிந்துவை நான் ஒருநாளும் குத்தம் சொன்னதில்ல. சொல்லலதான். ஆனா குத்தமில்லன்னும் அப்பாவிட்ட சொன்னதில்ல. அவரு கேக்கல, நானும் பேசல. இத்தனை வருஷம் ஒரே வீட்டுல.

நவம்பர் 15, சனி

காலையில காப்பி கொடுக்கும்போது சொல்லிட்டேன். "எனக்கு அவமேல கோபம் கிடையாது அப்பா. எனக்காகன்னா வேண்டாம்."

"செரி" ன்னாரு. பேப்பரை மடிச்சாரு, திரும்பவும் விரிச்சாரு. "இனி எந்த முகத்த வச்சிட்டு நான் அங்க போவ? தியேட்டர்ல அந்தச் சின்னப் பிள்ள என்னப் பாத்துட்டே நின்னுது."

நவம்பர் 19, புதன்

லீவு. படத்தை எடுத்துட்டாங்க, இப்ப ஏதோ அடிதடிப் படம். காலையில பஸ் பிடிச்சு பொழியூர். கையில பனங்கருப்பட்டி, மெர்லினுக்குப் பாவாடைத் துணி.

ஜெரோம் கடலுக்குப் போயிருந்தான். சிந்து மீன் கறி வச்சு சோறு போட்டா. சாப்பிட்டு முடிஞ்சு, அப்பா சொன்னதை ஒண்ணு விடாம சொன்னேன். கேட்டா அவளுக்கு ஆறுதலா இருக்கும்னு நினைச்சேன். அப்பாவுக்கு வெறுப்பில்லன்னு தெரியுமே.

அவ கையைக் கழுவிட்டு வந்து எதிர்ல உக்காந்தா.

"அவரு கிடக்கட்டும். நீ சொல்லு அக்கா. என்னாலதான் எல்லாம்னு உனக்கும் தோணிச்சா? எப்பமாவது?"

"இல்ல பிள்ளே."

சொன்னேன். ஆனா சொல்றதுக்கு முன்னால கொஞ்சம் நேரமாயிப் போச்சு. அவ என் முகத்தையே பாத்துட்டு இருந்தா.

எழும்பி தட்டுகளை எடுத்தா. "மழைக்கு முந்தி கிளம்பு அக்கா. பொறவு பஸ்ஸு கிட்டாது."