ஊரைப் பார்த்த ஒலிபெருக்கி

6 செப்டம்பர் 1987, ஞாயிறு

எகிப்து ராஜா பார்வோன்மேல் கடவுள் அனுப்பிய பத்து வாதைகளில் முதல் வாதையைப் பிரசங்கித்தேன். மோசே கொண்டுவந்த முதல் வாதை, தண்ணீர் ரத்தமானது. இயேசுவின் முதல் அடையாளம், தண்ணீர் திராட்சரசமானது. அங்கே தண்டனை, இங்கே கிருபை. மணலூர்பேட்டைப் பாதிரி அய்யர் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். சொல்லும்போதே வாய் கசந்தது. கிருபையாம் கிருபை!

நேற்று ஊர்ப் பெரிய பண்ணை செல்லமுத்துவின் மூத்த மகன் தீனதயாளன், எங்கள் காலனிக் கிழவர் பூமாலையைச் செருப்பால் அடித்தான். இடஒதுக்கீடு கேட்டு அவர்கள் சாதிச் சங்கம் நடத்தப்போகும் சாலை மறியலுக்கு மரம் வெட்ட ஆள் கேட்டானாம். "எங்களுக்கு இன்னாத்துக்குப்பா அந்த வம்பு? கரும்புக்குச் சோகை உரிக்கப் போவணும்" என்றாராம். அதற்குத்தான் அடி.

எனக்கு ரத்தம்தான் வேண்டும்.

10 செப்டம்பர்

காலனிக் கிணற்றில் செத்த நாயைப் போட்டிருக்கிறார்கள்.

13 செப்டம்பர், ஞாயிறு

நேராகப் பத்தாவது வாதைக்குத் தாவிவிட்டேன். ஜெபவீட்டு ஒலிபெருக்கியை எப்போதும் காலனியைப் பார்த்துத்தான் கட்டுவோம். இன்று நானே ஏணி போட்டு ஏறி ஊர்ப் பக்கம் திருப்பினேன். கேட்கட்டும் அவர்களும்.

எகிப்தில் வாசல் நிலையில் ஆட்டு ரத்தம் பூசாத வீட்டில் தலைச்சன் பிள்ளை செத்ததைத் தொண்டை கிழியச் சொன்னேன். அங்கே அறுபட்ட ஆட்டுக்குட்டி கிறிஸ்துதான், அந்த ரத்தம் பூசிய வாசலுக்குள் யார் வந்தாலும் சாவு தாண்டிப் போகும் என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் அந்தப் பிரசங்கத்தை முடிக்க முடியாது, அதனால் சொன்னேன். பிறகு, "இந்த ஊர்ப் பார்வோனுக்கும் ஒரு தலைச்சன் இருக்கான்!" என்றேன். எல்லாரும் "ஆமேன்" என்று கத்தினார்கள்.

சாப்பிடும்போது என் மனைவி அமிர்தம் முகம் கொடுக்கவில்லை. "பெத்த வயிறு எரியற மாதிரி பேசாதீங்க. அந்த வூட்லயும் ஒருத்தி கேட்டுக்கினுதான இருப்பா?"

கேட்கட்டும் என்றுதானே திருப்பினேன்?

17 செப்டம்பர்

மறியல் தொடங்கிவிட்டது. சாலைப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருக்கிறார்கள். பஸ் இல்லை.

பூமாலை கோழி அறுத்து, வேப்பங்கொத்தால் ரத்தத்தை எல்லா வாசல் நிலைகளிலும் பூசிவிட்டார். ஜெபவீட்டு நிலையிலும். "நீங்கதான சொன்னீங்க, உபதேசியாரே." அடக் கடவுளே! அது அந்தக் காலத்து அடையாளம் என்று எத்தனை முறை சொல்வது? திட்டினேன். ஆனால் கழுவச் சொல்லவில்லை. எனக்கும் பயம்.

18 செப்டம்பர்

காலனியைக் கொளுத்திவிட்டார்கள். பட்டப்பகலில். பாவிகள், பாவிகள். ரத்தம் பூசின வாசல் என்று எவன் பார்த்தான்? பூமாலை பேத்தியைத் தூக்க உள்ளே ஓடினார். குழந்தையை வெளியே எறிந்தார். அவர் வரவில்லை, உத்திரம் மேலே விழுந்துவிட்டது. கத்தினார், பிறகு கத்தவில்லை. அவர் மகன் பாண்டியனை நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஓட்டுக் கூரை என்பதால் ஜெபவீடு மட்டும் நிற்கிறது. தீப்பந்தத்தோடு முன்னால் வந்தவன் தீனதயாளன். என் கண்ணால் பார்த்தேன். எங்கே ஆண்டவரே உம்முடைய பத்தாவது வாதை? தூங்குகிறீரா?

19 செப்டம்பர்

ஒரு கையால் எழுதுகிறேன். இன்னொன்றில் கட்டு.

மதியம் சாலையில் மறியல்காரர்களைப் போலீஸ் சுட்டது. கொஞ்ச நேரத்தில் கரும்புக் கொல்லையிலிருந்து ஒருவன் ஊர்ந்து வந்தான். வயிற்றில் குண்டு. தீனதயாளன். ஜெபவீட்டு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"உள்ள வுடுங்க... ரத்தம் பூசின வூட்டுக்குள்ள வந்தா சாவு வராதுன்னு... ஸ்பீக்கர்ல சொன்னீங்களே..."

நான் கதவைச் சாத்தத்தான் போனேன். ஆமாம், சாத்தத்தான்.

அதற்குள் பாண்டியன் அரிவாளோடு ஓடி வந்தான். "தள்ளுங்க உபதேசியாரே! நீங்க கேட்ட தலைச்சன் இவன்தான்! சாமியே கொண்ணாந்து வுட்டுருக்காரு!"

இவன் சொன்னதும் என் பேச்சு, அவன் சொன்னதும் என் பேச்சு. ஒரே பிரசங்கம். நான் மரம் மாதிரி நின்றேன். அமிர்தம்தான் தீனதயாளனை அக்குளில் கைகொடுத்து உள்ளே இழுத்தாள். பாண்டியன் வீசினான். நான் கையை நீட்டிவிட்டேன். ஏன் நீட்டினேன்? தெரியவில்லை. எலும்பு வரை பிளந்தது. நிலையெல்லாம் என் ரத்தம்.

பாண்டியன் அரிவாளைக் கீழே போட்டான். "எங்கப்பாவுக்கு எவன்யா குறுக்க நின்னான்?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

தீனதயாளனைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டுவண்டி கட்டினோம். அவர்கள் தள்ளிய மரங்களைத் தாண்ட வழியில்லை. மறுபடி ஜெபவீட்டுக்குள்ளேயே கிடத்தினோம். அமிர்தம் தண்ணீர் கொடுத்தாள். குடித்ததெல்லாம் ரத்தமாக வந்தது. அவள் மடியிலேயே போய்விட்டான்.

20 செப்டம்பர்

செல்லமுத்து ஆட்களோடு வந்து உடலை எடுத்துப்போனார்.

27 செப்டம்பர், ஞாயிறு

ஒலிபெருக்கி கட்டவில்லை.

கருகிய கூரைகளுக்கு நடுவே ஒரு அம்மாள் தனியாக நடந்து வந்தார். தீனதயாளனின் தாய் லட்சுமியம்மாள். அவர் காலனிக்குள் வந்ததே இல்லை. வாசலில் நின்று, நிலையில் காய்ந்திருந்த கறையைப் பார்த்தார்.

"அன்னிக்கு நீங்க பேசினதெல்லாம் வூட்ல இருந்து கேட்டேங்க. எம்புள்ள சாவணும்னு பேசினதையும் கேட்டேன்."

அவர் கறையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒன்னே ஒன்னு சொல்லுங்க. உசுரு போவும்போது வாசலுக்கு உள்ள இருந்தானா, வெளியவா?"

"உள்ளதாங்கம்மா."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பாண்டியன் எழுந்து வெளியே போனான். அமிர்தம் அவரைக் கைபிடித்து உள்ளே கூட்டிவந்து பாய் விரித்தாள். நான் இன்று பிரசங்கம் செய்யவில்லை.