ஈர ரேட்டும் காய்ந்த ரேட்டும்

முருகன் துணை

திருப்பூர்
6.2.1994

அன்பு மகள் சாரதாமணிக்கு அப்பா சென்னிமலை எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மூட்டு வலி போக மற்ற எல்லாவற்றிலும் சௌக்கியம். நீ மூட்டு வலியும் இல்லாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பனியன் கம்பெனியில் வைத்தே படித்தேன். வீட்டில் படித்தால் உன் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. பழனியம்மாளைப் பற்றி உனக்குத் தெரியாதா? நீ விமானம் ஓட்டப் படிக்கிறேன் என்று போய் ஒன்றேகால் வருஷம் ஆகிறது. இன்றுவரை ஏரோப்பிளேன் என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. தெருவில் யார் கேட்டாலும், சாரதா அமெரிக்காவில் கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்றுதான் சொல்கிறாள். போன வாரம் உன் கருப்பாத்தாள் அத்தை வந்து, நீ அனுப்பின போட்டோவைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை காதில் ஏன் அவ்வளவு பெரிய கருப்பு டப்பாவை மாட்டியிருக்கிறது என்று கேட்டாள். அங்கே குளிர் ஜாஸ்தி என்று சொல்லி அனுப்பிவிட்டாள் உன் அம்மா.

விஷயத்துக்கு வருகிறேன். லைசென்சுக்கு இன்னும் நூற்றி இருபது மணி நேரம் பறக்க வேண்டும், அக்டோபருக்குள் முடிக்காவிட்டால் அங்கே தங்க விடமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். மிச்ச நேரத்தை வாடகை விமானத்தில் பறப்பதா, இல்லை கூடப் படிக்கிற இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு பழைய விமானத்தைச் சொந்தமாக வாங்கிப் பறந்துவிட்டு விற்பதா என்று என்னிடம் யோசனை கேட்டிருக்கிறாய். சரியான ஆளைத்தான் பிடித்தாய். எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷில் முப்பத்தாறு மார்க் வாங்கியவன், விமானத்தை வேலிக்கு வெளியே நின்று மட்டும் பார்த்தவன், திருப்பூரில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஆனாலும் யோசித்துப் பார்த்தால் இது விமானக் கேள்வி இல்லை கண்ணு, மிஷின் கேள்வி. இங்கே பொழுது விடிந்தால் இதைத்தானே பேசுகிறோம். தையல் மிஷினைச் சொந்தமாக வாங்கிப் போடுவதா, வேலையை வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுப்பதா? வெளியே கொடுத்தால் பீசுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டுத் தூங்கலாம். ஊசி உடைந்தால் அது அவன் தலைவலி. பழைய மிஷின் வாங்கி விற்கிற புரோக்கர் ஆத்தப்பனிடம் கேட்டேன். என்ன மிஷின் என்று மட்டும் சொல்லவில்லை. அவர், "சொந்த மிஷினு ஓடுனாலும் தீனி திங்கும், நின்னாலும் தீனி திங்கும்ங்க. வாடகை மிஷினு ஓடுனா மட்டுந்தான் திங்கும்" என்றார். விமானமும் அப்படித்தானே. நிறுத்துகிற இடத்துக்கு மாச வாடகை, இன்சூரன்ஸ், வருஷம் ஒரு தடவை பிரித்துப் பார்த்து மாட்டுகிற செலவு. பறக்காவிட்டாலும் இத்தனையும் தின்னும்.

அடுத்து நீ எழுதியிருக்கிற வாடகை. வெட் ரேட் மணிக்கு நாற்பது டாலர், ட்ரை ரேட் இருபத்தெட்டு டாலர். இது எனக்குப் புரியாதா? சாயப்பட்டறையில் துணியை ஈரத்தோடு எடை போட்டு ஏமாற்றப் பார்த்த எத்தனை பேரை நான் கண்டிருக்கிறேன். மழையில் பறந்தால் விமானம் நனையும். அதைத் துடைத்துக் காயவைக்க ஆள் கூலி. அதுதான் வெட் ரேட். உன் லபக் ஊரில் மழையே கிடையாது என்று நீயே எழுதியிருக்கிறாய். (லபக் என்று பேர் வைத்தவன் என் பாஸ்புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருப்பான்.) அதனால் வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து முழுவதையும் ட்ரை ரேட்டிலேயே பறந்து முடி. காலைப் பனியில் நனைந்துவிட்டால், திருப்பிக் கொடுக்கும் முன் பனியன் வேஸ்ட் துணியால் நன்றாகத் துடைத்துக் கொடு. அங்கே கிடைக்காவிட்டால் எழுது, ஒரு மூட்டை அனுப்புகிறேன்.

ஆக என் தீர்ப்பு, வாடகைதான். சொந்தம் வேண்டாம். நான் ஒதுக்கி வைத்திருக்கிற பணம் ட்ரை ரேட்டுக்குத் தாராளமாகப் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா இதை எழுதச் சொல்லவில்லை. ஆனால் நான் எழுதுகிற நேரம் பார்த்து மூன்று தடவை இந்தப் பக்கம் வந்துவிட்டுப் போனாள்.

அன்பும் ஆசியும் ஒன்றும் குறையாமல்,
அப்பா

*

முருகன் துணை

திருப்பூர்
20.3.1994

சாரதா கண்ணுக்கு அப்பா எழுதுவது. எல்லோரும் நலம். என் மானம் மட்டும் கொஞ்சம் நலமில்லை.

உன் பதிலைப் படித்துவிட்டு ஆபீஸ் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். வெளியே டெய்லர்கள் மிஷினை நிறுத்திவிட்டார்கள். வெட் என்றால் பெட்ரோலோடு, ட்ரை என்றால் பெட்ரோல் இல்லாமல் வெறும் வண்டி என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். விமானத்தைத் துடைத்துக் கொடுக்கச் சொன்னதை உன் வாத்தியாரிடம் சொன்னாயாம், அவர் அதை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டாராம். முப்பது வருஷம் பனியன் தைத்து இங்கே கிடைக்காத பேர் டெக்சஸில் கிடைத்துவிட்டது.

சிரித்து முடித்த பிறகுதான் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கணக்கு முழுக்க அந்தக் காய்ந்த ரேட்டில் போட்டது. பெட்ரோலைச் சேர்த்தால் ஒதுக்கிய பணம் போதாது. அதைவிட, வாடகை விமானத்துக்கு வரிசை நிற்கிறது, வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம்தான் கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அந்த வேகத்தில் போனால் அக்டோபரில் பாதி லைசென்சோடு வந்து இறங்குவாய். பாதி லைசென்ஸ் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. உன் அம்மா வீட்டுச் சனம் இப்போதே, பெண்பிள்ளையை அனுப்பி என்னத்தைக் கண்டார் என்று பேசிக்கொண்டிருக்கிறது.

மறுபடி ஆத்தப்பனிடம் போனேன். இந்தத் தடவை அது என்ன மிஷின் என்று சொல்லிவிட்டேன். மனிதர் கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் என்னையே பார்த்தார். எனக்கு வெயில் தாக்கிவிட்டதோ என்று நினைத்திருப்பார். ஆனால் தொழில்காரர் தொழில்காரர்தான். அடுத்த நிமிஷம், எத்தனை கை மாறின வண்டி, எத்தனை மணி நேரம் ஓடின இன்ஜின் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். மூன்று பேர் சேர்ந்து வாங்குவதைச் சொன்னதும் பேச்சையே மாற்றிவிட்டார்.

"மூணு பேரு மாத்தி மாத்தி ஓட்டறாங்கன்னா அது நிக்கறதே இல்லீங்களே. நிக்காத மிஷினு சொந்தமாத்தானுங்க இருக்கோணும்."

எவ்வளவு பெரிய விஷயம் பார். நின்றால்தானே சும்மா தின்னும்? கூடவே இது பழைய வண்டி, புதுசு மாதிரி வாங்கின மறுநாளே விலை இறங்காது. கறவை மாட்டை வாங்கி, வேண்டிய மட்டும் கறந்துவிட்டு, வாங்கின விலைக்கே சந்தையில் விற்கிற கணக்கு. அப்படி விற்றால் உன் பங்குச் செலவு வாடகையில் பாதிகூட வராது. ஆனால் அந்த 'விற்றால்' என்ற சொல் என்னைத் தூங்க விடவில்லை. நடுவில் இன்ஜின் படுத்துவிட்டால் உன் லைசென்சும் போய்விடும், என் பணமும் போய்விடும்.

கடைசியில் வேறு வழியில்லாமல் உன் அம்மாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை, அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாடகை, சொந்தம், பெட்ரோல், பங்கு என்று எல்லாவற்றையும் கொட்டினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டாலரைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. வாடகை வண்டியை யார் யார் ஓட்டுவார்கள் என்று மட்டும் கேட்டாள். காசு கொடுக்கிற யாரும் ஓட்டலாம் என்றேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"வாடகைச் சைக்கிள்ல எந்தக் காலத்துலீங்க பிரேக்கு புடிச்சிருக்குது? சொந்தமாவே வாங்கச் சொல்லுங்க. எம்புள்ள ஏறுற ஏரோப்பிளேனுல என்ன கோளாறுன்னு எம்புள்ளைக்குத் தெரிஞ்சிருக்கோணும்."

ஏரோப்பிளேன் என்று சொன்னாள் கண்ணு. நான் ஒன்றும் கவனிக்காதவன் மாதிரி எழுந்து வெளியே போய்விட்டேன். கவனித்ததாகக் காட்டியிருந்தால் மறுபடி கம்ப்யூட்டருக்குத் திரும்பியிருப்பாள்.

ஆகவே பழைய தீர்ப்பு ரத்து. வாங்கு. உன் பங்குக்கு ஒதுக்கிய பணம் போக மீதி வேண்டியதை நான் புரட்டி அனுப்புகிறேன். விற்கிறவர் பருத்தி விவசாயி என்று எழுதியிருக்கிறாய். பருத்திக்காரர் நமக்குச் சொந்தக்காரர் மாதிரி. அதற்காக விலையைக் குறைக்காமல் விட்டுவிடாதே, சொந்தக்காரரிடம்தான் உரிமையோடு குறைக்க முடியும். இன்ஜினைப் பார்க்க அவர் காட்டுகிற மெக்கானிக் வேண்டாம், அவருக்கு ஆகாத மெக்கானிக்காகப் பார்த்துப் பிடி. மூன்று பேரும் யார் எந்த நேரம் ஓட்டுவது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கூட்டு வியாபாரம் உடைவது பணத்தில் இல்லை, முறையில்தான்.

இத்துடன் சிவன்மலை விபூதி இருக்கிறது. அம்மா வைத்தது. முதல் தடவை எடுக்கும்போது சக்கரத்துக்கு ஒன்றாக மூன்று எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொல்கிறாள். அந்தப் பருத்திக்காரர் கேட்டால், இது எங்கள் ஊர் இன்சூரன்ஸ் என்று சொல்.

துணிந்து செய், பார்த்துச் செய்.
அப்பா

*

முருகன் துணை

திருப்பூர்
9.10.1994

பைலட் சாரதாமணி அவர்களுக்கு, பனியன் சென்னிமலை பணிவுடன் எழுதிக்கொள்வது.

போன மாசக் கடைசியில் உன் போன் வந்தபோது கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கில் பீஸ் எண்ணிக்கொண்டிருந்தேன். லைனில் இரைச்சல். 'பாஸ்' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. எண்ணிக்கை மறந்துபோய் அத்தனையையும் மறுபடி முதலில் இருந்து எண்ண வேண்டியதாயிற்று, என் தொழிலில் அவ்வளவு சந்தோஷமாக இரண்டாம் தடவை எண்ணியதே இல்லை. மிஷின்களை நிறுத்தச் சொல்லி எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். நம் சாரதா இனிமேல் விமானம் ஓட்டும் என்று சொன்னேன். பழைய டெய்லர் கந்தப்பன், "ஏனுங்க முதலாளி, நாங்க ஏறுனா டிக்கெட்டுல குறைக்குமுங்களா?" என்றார். குறைக்காது என்று உன் சார்பில் சொல்லிவைத்திருக்கிறேன்.

பின்னாலேயே உன் கடிதமும் வந்தது. ஜூலையில் இன்ஜினில் சிலிண்டர் ஒன்று போய், மூன்று வாரம் நீங்கள் மூவரும் கிரீஸ் கையோடு நின்றீர்களே, அப்போது எனக்குச் சோறு இறங்கவில்லை. சொந்தம் வாங்கச் சொன்ன வாயை நானே திட்டிக்கொண்டேன். இப்போது பார். அதைச் சரிபண்ணி, சீட்டுக்குப் புது உறை தைத்துப் போட்டு (தையல் உனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லையா?), வாங்கின விலைக்கு மேலேயே விற்றுவிட்டீர்கள். சிலிண்டர் செலவையும் சேர்த்து, வாடகைக்கு ஆகியிருக்கக்கூடியதில் பாதிதான் ஆயிருக்கிறது. அந்தப் பருத்திக்காரரே வந்து, வேறு விமானம் இருக்கிறது வாங்குகிறாயா என்று கேட்டாராமே. காதர்பேட்டை பனியன் கடைவீதி முழுக்க இதைச் சொல்லிவிட்டேன். சொல்லாத கடை ஒன்று இருந்தது, அன்று அது லீவு. மறுநாள் போய்ச் சொன்னேன். ஆத்தப்பன் இப்போதெல்லாம் பழைய மிஷின் வாங்க வருகிறவர்களிடம், விமானம் வேண்டுமானாலும் பார்த்துத் தரலாம் என்கிறாராம்.

இதையெல்லாம்விடப் பெரிய சங்கதி வீட்டில் நடந்தது. கருப்பாத்தாள் அத்தை வந்து, கம்ப்யூட்டர் படிப்பு முடிந்ததா என்று உன் அம்மாவைக் கேட்டாள். நான் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன், நாத்தனாருக்கு இவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று அப்படியே நின்றுவிட்டேன்.

"கம்ப்யூட்டரெல்லாம் ஆருங்க நங்கையா படிக்கறாங்க? எம்புள்ள சொந்த ஏரோப்பிளேனு வெச்சு ஓட்டுனவ."

அத்தை போன பிறகு, அதைத்தான் விற்றாகிவிட்டதே என்றேன். அதை யார் கேட்டார்கள் என்றாள். அந்தக் காதில் டப்பா மாட்டின போட்டோ இப்போது முன் அறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்த வாரம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் மிஷின்களோடு வைக்க வேண்டும் என்று கேட்டேன், தர மறுக்கிறாள். வேறு பிரிண்ட் போட்டுக்கொள்ளச் சொல்கிறாள்.

பம்பாய் விமானக் கம்பெனியில் உன்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். லைசென்ஸ் கிடைத்துவிட்டதால் தங்க விடுவார்கள், டெக்சஸிலேயே இன்னொரு வருஷம் இருந்து சொல்லிக்கொடுக்கும் வேலை பார்க்கலாமா என்றும் எழுதியிருக்கிறாய். இதில் வாடகை, சொந்தம் என்று கணக்குப் போட எனக்குத் தெரியவில்லை. உன் விருப்பம். அம்மா தீபாவளிக்கு உனக்குச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள் என்பதை ஒரு தகவலாக மட்டும் எழுதுகிறேன்.

ஒவ்வொரு தடவை பறந்ததையும் குறித்து வைத்து நீ அனுப்பிய பறப்புப் புத்தகத்தின் ஜெராக்ஸை அவளுக்குப் படித்துக் காட்டினேன். மணி நேரத்தை அவள் காதில் வாங்கவில்லை. எத்தனை தடவை ஏறினாள், எத்தனை தடவை இறங்கினாள், இரண்டும் சரியாக வருகிறதா பாருங்கள் என்றாள். தேடினேன். இறங்கினதற்கு மட்டும்தான் ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். ஏறினதற்குக் கட்டமே இல்லை. சொன்னேன். ஜெராக்ஸை வாங்கி அந்த ஒரு கட்டத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "அந்தப் புஸ்தகம் போட்டவனும் புள்ளயப் பெத்தவனாத்தான் இருப்பான்" என்றாள்.

கண்ணு, நீ எத்தனை உயரம் வேண்டுமானாலும் ஏறு, நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொள்கிறோம். அந்த ஒரு கட்டத்தை மட்டும் எந்த நாளும் காலியாக விட்டுவிடாதே சாமி.

உன் அம்மா பழனியம்மாளும், எழுதத் தெரிந்ததால் அவளுக்கும் சேர்த்து எழுதுகிற
அப்பாவும்