சின்னவளுக்கு நான் வாங்கிய பிஸ்டல்

அன்புள்ள பெரியவனுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு, மனசு நிறைந்து இருக்கவேண்டும் என்பதுதான் நாங்கள் மூன்று பேரும் தினமும் நினைத்துக்கொள்வது. இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று பதிலுக்கு எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அரைமணி நேரமாக அந்த ஒரு வரி மட்டும் வரமாட்டேன் என்கிறது. எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது, வரியெல்லாம் ஏன் மாடிப்படி இறங்குகிறது என்று யோசிக்காதே, பார்சல் பெட்டியில் விலாசம் எழுதுகிற தடிப்பேனாவால் எழுதுகிறேன், காரணம் போகப்போகத் தெரியும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் போன் பேசுவது ஊரைக் கூட்டி வைத்துப் பேசுவது மாதிரிதானே, அடுப்படியில் உன் அம்மா, சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவள். அதோடு உன் குரலைக் கேட்டால் நான் பாதியிலேயே பேச்சை மாற்றி, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

உன் தங்கை போன வருஷம் கல்லூரியில் விளையாட்டுக்காக ஏர் பிஸ்டலைக் கையில் எடுத்தது, அதிலேயே ஊறிப்போனது எல்லாம் உனக்குத் தெரியும். பத்து மீட்டர் தள்ளி ஒரு அட்டை, அதன் நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம், அதில் விழுந்தால் பத்துப் புள்ளி, அறுபது முறை சுடவேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். பேச்சில் துடுக்கு, நடையில் அவசரம், கதவைச் சாத்தினால் ஜன்னல் ஆடும், அப்படிப்பட்டவள் அங்கே போய் நின்றால் கல் மாதிரி நிற்கிறாள். அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற கோச் அம்மா பகலில் தபால் பிரிக்கிற வேலையில் இருப்பவர், அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டார், அவரே ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணுக்குக் கை நிக்குது சார், சொந்தமா ஒண்ணு வாங்கிக் குடுத்திடுங்க" என்றார். கிளப் பிஸ்டலை நாலு பெண்கள் மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள், அதன் கைப்பிடி ஒரு பயில்வானுக்குச் செய்தது, இவள் டேப் சுற்றித்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜூனியர் பிரிவில் அவளுக்கு இதுதான் கடைசி வருஷம், போட்டிக்கு இரண்டு மாதம் இருந்தது. என்ன வாங்குவது என்று கோச் அம்மாவிடமே கேட்டேன். "பேரைப் பாக்காதீங்க, பளபளப்பைப் பாக்காதீங்க, கைப்பிடி அவ உள்ளங்கைக்குப் பொருந்துதா, முன்பக்கம் கனமா இழுக்குதா, டிரிக்கர் ஒரே மாதிரி விழுதா, இதை மட்டும் பாருங்க. புதுசா வர்றவங்களுக்கு பம்ப் பிஸ்டலே போதும், மிச்சத்துக்கு குண்டு வாங்கிக் குடுங்க, நிறைய சுடட்டும்" என்றார். பம்ப் பிஸ்டல் என்றால் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு தடவை நெம்புகோலைத் திறந்து மூடிக் காற்றை அடைக்கவேண்டும். கொஞ்சம் கை வலிக்கும், ஆனால் விலை குறைவு, கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை. சின்னவளும் அதைத்தான் கேட்டாள். "அப்பா, எனக்குப் பம்ப் அடிக்கறது பிடிச்சிருக்கு, அடுத்த குண்டுக்கு நடுவுல மனசு கொஞ்சம் அடங்குது" என்றாள். நான்தான் கேட்கவில்லை. மற்ற பிள்ளைகளெல்லாம் காற்று அடைத்த சிலிண்டர் வைத்த பிஸ்டலோடு நிற்கும்போது என் பெண் மட்டும் தண்ணீர் பம்ப் அடிப்பது மாதிரி அடித்துக்கொண்டு நிற்பதா என்று எனக்கு வீம்பு. புதிதாக சிலிண்டர் வைத்ததை வாங்க நமக்கு ஆகாது. ஒரு பல் டாக்டர் ஆட்டத்தை விட்டுவிட்டார், அவருடையது பம்ப் பிஸ்டல் விலைக்கே வருகிறது என்று கேள்விப்பட்டு, இவளைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

கைப்பிடி அவளுக்குப் பொருந்தியது, டிரிக்கரும் நன்றாகத்தான் விழுந்தது. காற்று அடைக்கிற சிலிண்டர் ஒரு சாண் நீளம், அதன் மேல் பொடி எழுத்தில் தேதி அடித்திருப்பார்கள், பத்து வருஷம்தான் அதற்கு ஆயுசு, அதற்கு மேல் போட்டியில் விடமாட்டார்கள். சின்னவள் கேட்டாள், "அப்பா, தேதி பாத்தீங்களா?" என்று. நான் கைக்குட்டையால் சிலிண்டரைத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அப்படியும் இப்படியும் திருப்பிவிட்டு, "யாருகிட்டடி கேக்கற, இருபத்தாறு வருஷமா சிலிண்டர் தேதி பாத்துதான் உங்களுக்குச் சோறு போட்டேன்" என்றேன். பல் டாக்டர் சிரித்தார், இவளும் சிரித்தாள். பெருமை பிடித்த ஆள்தான் உன் அப்பன் என்பது உனக்குத் தெரியாததா, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அலுவலகம் என்று ஒரு சுவர் விடாமல் மாட்டியிருக்கிற தீயணைப்பு சிலிண்டர்களையெல்லாம் பார்த்துச் சீட்டு கட்டுகிற ஆளிடம் போய் இதைக் கேட்கலாமா என்று எனக்கு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், கீழே வைக்கவே இல்லை.

போட்டி நடந்த இடம் ஒரு பெரிய கூடம். வாசலிலேயே மேஜை போட்டு, ஒவ்வொரு பிஸ்டலாக வாங்கி, டிரிக்கரில் எடை தொங்கவிட்டு, ஒரு பெட்டிக்குள் வைத்து அளவு பார்த்து அனுப்புகிறார்கள். அங்கே இருந்த பெண் சிலிண்டரைத் திருப்பியவுடனே, கண்ணாடியைக் கூட ஏற்றிக்கொள்ளவில்லை, "இது நாலு மாசம் முன்னாடியே முடிஞ்சிருச்சேம்மா" என்று சொல்லித் தனியாக எடுத்து வைத்துவிட்டார். கோச் அம்மா ஓடாத ஓட்டம் இல்லை. வேறொருவர் தன் சிலிண்டரைக் கழற்றிக் கொடுத்தார், மரை சேரவில்லை. கிளப் பிஸ்டல் அதே சுற்றில் இன்னொரு பெண்ணின் கையில். மணி அடித்தது, கதவைச் சாத்தினார்கள், இவள் பெயர் எழுதிய இடம் காலியாகவே கிடந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் பக்கம் திரும்பி, சத்தமே இல்லாமல், "அப்பா, இதுதானே உங்க வேலை" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆறு வாரம் என்னோடு பேசவில்லை. தட்டை எடுத்து வைப்பாள், துணியை மடித்து வைப்பாள், வாயைத் திறக்கமாட்டாள். உன் அம்மா ஒரு நாள் அவளைத் திட்டினாள், அப்புறம் என்னைத் திட்டினாள், பிறகு அடுப்படியில் போய்த் தனியாக அழுதாள்.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி, மெதுவாகப் படி. எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பது நான் தேதியைப் பார்க்க மறந்துவிட்டேன் என்று. மறக்கவில்லையடா. பார்த்தேன். பார்த்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை, சாம்பல் பூசின மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான். ஒரு வருஷமாகவே அப்படித்தான், எதை நேராகப் பார்க்கிறேனோ அதுதான் காணாமல் போகிறது, சுற்றிலும் இருப்பதெல்லாம் தெரிகிறது. சவரம் செய்யக் கண்ணாடி முன்னால் நின்றால் காது இரண்டும் தெரியும், மூக்கைக் காணோம். தெரு முனையில் கோட் போட்ட ஒருவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கிட்டே போனால் அது தபால் பெட்டி. உன் அம்மாவிடம் கண்ணைப் பற்றி மட்டும் பிறகு சொன்னபோது அவள் சிரிக்கத்தான் பார்த்தாள், "என் மூஞ்சி தெரியாமப் போறதுன்னா முப்பது வருஷம் முன்னாடியே போயிருக்கலாமே, சண்டையாவது மிச்சமாயிருக்கும்" என்றாள், சொல்லி முடிக்குமுன் குரல் உடைந்துவிட்டது. வயசானால் இப்படித்தான், கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று நாளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். வேலையிலும் அப்படியே ஓட்டினேன். அழுத்தம் காட்டுகிற முள் எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஓரக்கண்ணால் உத்தேசமாகப் பார்ப்பேன், கைக்கு எட்டினால் தூக்கி எடை பார்ப்பேன், தேதியை மட்டும் பழக்கத்தில் ஒத்துக்கொண்டு சீட்டைக் கட்டிவிட்டு வந்துவிடுவேன். பெண் சொன்ன அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இவளுக்கு ஒரு போட்டி போயிற்று. ஒரு வருஷமாக நான் கையெழுத்துப் போட்ட சுவர்களுக்கெல்லாம் யார் பதில் சொல்வது?

நாலு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், உன்னிடம் மறைப்பானேன். ஐந்தாம் நாள் மானேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் என்னை விடச் சின்னவர், "அண்ணே, இதை ஏன் முன்னாடியே சொல்லல" என்று மட்டும் கேட்டார். அவர் கத்தியிருந்தால் தேவலை. என்னோடு இருபது வருஷம் ஒன்றாகச் சாப்பிட்ட இரண்டு பேர், நான் போன இடமெல்லாம் மறுபடி போய்ப் பார்த்தார்கள். ஏழு சிலிண்டர் நாள் கடந்தது. அதில் ஒன்று, சின்னப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில், குழந்தைகள் செருப்பு கழற்றிவிடுகிற இடத்துக்கு மேலே, உள்ளே ஒன்றுமே இல்லாமல் காலியாகத் தொங்கிக்கொண்டிருந்ததாம், அதன் கழுத்தில் என் கையெழுத்துப் போட்ட சீட்டு. அங்கே நெருப்புப் பிடிக்கவில்லை. அது என் சமர்த்து இல்லை. படுத்தால் அந்தச் செருப்புகள்தான் வரிசையாக வருகின்றன. மரியாதையாகத்தான் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள், பையையும் சீட்டுக் கட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது காலையில் எழுந்து குளித்துச் சட்டை மாட்டிக்கொள்கிறேன், பிறகு எங்கே போவது என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். வேலை போனது வீட்டில் தெரியும், ஏன் போனது என்பது உன் அம்மாவுக்குத் தெரியும், சின்னவளுக்கு அரைகுறையாகத் தெரியும்.

கண் டாக்டரிடம் நேற்றுத்தான் முடிவு கேட்கப் போனேன். உன் அம்மா மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தாள், நான் மட்டும் உள்ளே. விழித்திரைக்கு நடுவில் கூர்மையாகப் பார்க்கிற இடம் தேய்ந்துகொண்டு வருகிறதாம், போன பார்வை வராதாம், இருப்பதைக் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாமாம். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பிறகு அவர், "பிள்ளைங்க இருக்காங்களா சார்?" என்றார். ஒரு பையன், ஒரு பெண் என்றேன். "இது ரத்தத்துல வர்ற வகை மாதிரி தெரியுது, வந்தே ஆகும்னு இல்ல, பாதிக்குப் பாதி. ரெண்டு பேரையும் சீக்கிரம் காட்டிடுங்க, முன்னாடியே தெரிஞ்சா நல்லது" என்றார். நான் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்போது என் மனசு போட்ட கணக்கை உன்னிடம் சொல்லாமல் இந்தக் கடிதத்தை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. வருவதானால் பெரியவனுக்கு வரட்டும், அவளுக்கு வேண்டாம் என்று நினைத்துவிட்டேனடா. அவளுக்குக் கண் வேண்டுமே, அந்தப் பொத்தான் அளவு வட்டத்தைப் பார்க்கவேண்டுமே என்று. அடுத்த மூச்சிலேயே நீ ஐந்து வயசில் என் தோளில் உட்கார்ந்து கடைப் பலகைகளையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது. எந்தப் பிள்ளையைக் கொடுப்பது என்று உட்கார்ந்து யோசிக்கிற தகப்பன் உண்டா? நான் இருந்தேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை.

இதில் இன்னொன்று. பல் டாக்டர் நல்ல மனுஷர், விஷயம் தெரிந்ததும் பிஸ்டலைத் திரும்ப வாங்கிக்கொண்டார், கோச் அம்மா அந்தப் பணத்தில் இவளுக்குப் பம்ப் பிஸ்டல் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டார். மறுபடி போக ஆரம்பித்திருக்கிறாள், இனி பெரியவர்கள் பிரிவில்தான், கஷ்டம்தான், ஆனாலும் போகிறாள். நேற்று நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பின்னாலேயே வந்தாள். ஆறு வாரம் கழித்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, "அப்பா, இன்னிக்கு கடைசி பத்து குண்டுல எட்டு நடு வட்டத்துல விழுந்துச்சுப்பா" என்றாள். அந்த அட்டையை என் கையில் கொடுத்தாள். ஓரம் தெரிந்தது, நடுவைக் காணோம். விரலால் தடவிப் பார்த்தேன், எட்டுக் குண்டும் ஒரே ஓட்டையாகக் கிழிந்திருந்தது. பிரமாதம் என்றேன். டாக்டர் சொன்னதை அப்போது அவளிடம் எடுக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று ராத்திரி முழுக்க ஒரு மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரும் இதே மாதிரி நாளைக்கு நாளைக்கு என்று இருந்ததுதான். வெள்ளிக்கிழமை காலைக்கு அவளுக்கு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். இன்றைக்கு அவள் வந்ததும் உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன். மறுபடி என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும். இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைப்பதற்குள் அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும், முடிவு என்ன என்றும் தெரிந்திருக்கும். எனக்கு ஒரு நல்ல வார்த்தையும் இப்போது எழுத வரவில்லை, நல்லதே நடக்கும் என்று எழுதலாம், அப்படி எழுதுகிற துணிச்சல் எனக்கு இல்லை.

நீ இரட்டை ஷிப்டு பார்ப்பதை விடு, குளிருக்கு அந்தப் பழைய சட்டையையே போட்டுக்கொண்டு திரியாதே, காலையில் வெறும் டீயோடு வேலைக்குப் போகாதே. அம்மாவுக்கு எழுதும்போது இந்த ரத்த விஷயத்தை நீயாக எழுதாதே, நானே சொல்கிறேன். கடிதம் வந்ததும் முதலில் சின்னவளுக்குப் போன் செய், எனக்குச் செய்யாதே, அவள் சிரித்துப் பேசினாலும் வைத்துவிடாதே, அழுது முடிக்கிற வரைக்கும் கூட இரு. நீங்கள் இரண்டு பேரும் நினைத்ததை நினைத்தபடி பார்த்து, நீண்ட ஆயுளோடு, குறையில்லாமல் இருக்க என் மனசார ஆசீர்வாதம். இந்த வாரமே அங்கே ஒரு கண் டாக்டரிடம் போய்விட்டு வா. "எனக்கு நல்லாத்தான் தெரியுதுப்பா" என்று மட்டும் எழுதாதே, ஒரு வருஷம் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
உன் அப்பா