மகள் தலையில் நாலு பச்சைக் கோடு

மார்ச் 3, செவ்வாய்

மதியம் மூன்றே முக்கால் இருக்கும். ஒரு வாடிக்கையாளரின் பிடரியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். மகள் போன் செய்தாள்.

"அப்பா, கல்யாணத்துக்கு என் தலையை நீங்கதான் செய்யணும்."

என் கை நின்றுவிட்டது. மெஷின் நிற்கவில்லை. அந்த மனிதருக்குப் பின்னந்தலையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெட்டவெளி. அதைச் சமாளிக்க முழுத் தலையையும் அதே உயரத்துக்கு இறக்கினேன். "நல்லா காத்தோட்டமா இருக்கு" என்று தடவிக்கொண்டே போனார். மகராசன்!

பதினாலு வருஷம். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் முன்முடியை வெட்டுகிறேன் என்று புருவத்துக்கு மேலே நாலு விரல் ஏற்றிவிட்டேன். மறுநாள்தான் பள்ளியில் குழுப் படம். அன்றிலிருந்து கண்ணாடிக் கதவு போட்ட பெரிய சலூனுக்குத்தான் போகிறாள். முடிதிருத்துகிறவன் பெண் அடுத்த கடையில் தலையைக் கொடுக்கிறாள் என்றால் ஊர் என்ன நினைக்கும் என்று நானே பல நாள் நினைத்ததுண்டு. ஊர் ஒன்றும் நினைக்கவில்லை. ஊருக்கு வேறு வேலை இருக்கிறது.

கல்யாணம் 22ஆம் தேதி. பத்தொன்பது நாள்!

மார்ச் 4, புதன்

கண்ணாடிக் கதவுக்காரர்களே, என் மகள் இனி வரமாட்டாள். கதவை நன்றாகத் துடைத்துக்கொண்டு உட்காருங்கள்.

மார்ச் 6, வெள்ளி

படம் அனுப்பியிருக்கிறாள். இடுப்பு வரை இருக்கும் முடியைத் தாழ்வாக, தளர்வாகக் கொண்டை போடணும். முகத்தை ஒட்டி நாலு கீற்று மட்டும் தேன் நிறம்.

தேன் நிறம் என்றால் முதலில் பிளீச் போட்டு அந்த நாலு கீற்றிலும் இருக்கும் கறுப்பை இறக்க வேண்டும், பிறகு தேன் நிறம் ஏற்ற டோனர். முப்பது வருஷம் எனக்கு நிறம் என்றால் கறுப்பு ஒன்றுதான். கிண்ணம், பிரஷ், கறுப்பு, முடிந்தது கதை. போன வருஷம்தான் மூன்று மாதம் கலர் வகுப்புக்குப் போனேன். என் மகள் வயசுப் பெண்களுக்கு நடுவில், பத்தாம் வகுப்பைக் கடைசி பெஞ்சில் முடித்த நான், முதல் பெஞ்சில். கண் தெரியாததால்.

என் கடையில் இரண்டாவது நாற்காலியைப் பார்த்துக்கொள்கிற அம்மாளும் கூடப் படித்தார். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். அவர் முதலாவதாக வந்தார். நான் வந்தேன்.

"அண்ணே, கலரை நான் போடட்டுமா? நீங்க பக்கத்துல நின்னு பெருமைப்படுங்க," என்றார்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே.

மார்ச் 9, திங்கள்

வகுப்பில் கொடுத்த பொம்மைத் தலையை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் பொருத்தி, கொண்டை பழகினேன். ஆறாவது கொண்டை பிரமாதம். திரும்பிப் பார்த்தால் பொம்மை முகத்தின் மேல் ஒரு துண்டு கிடக்கிறது.

"சாப்பிடும்போது அது என்னையே பாக்குது," என்றாள் மனைவி.

"அப்ப நீ வந்து உக்காரு."

"உங்க சந்தோஷத்துக்கு என் தலையா கெடைச்சுது?"

ஆனாலும் உட்கார்ந்தாள். பதினேழு ஊசி. கழற்றும்போது பதினாறுதான் வந்தது.

மார்ச் 10, செவ்வாய்

பதினேழாவது ஊசி தலையணையில் கிடைத்தது. என் பக்கம்.

மார்ச் 14, சனி

வேலை பார்க்கும் ஊரிலிருந்து மகள் வந்துவிட்டாள். தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு வளையவருகிறாள். அவிழ்த்தபோது பார்த்தேன். எவ்வளவு முடி! அதுவும் கருகருவென்று. நாளைக்கு அவளுக்காகவே கடைக்கு விடுமுறை விட்டிருக்கிறேன். அவளும் நானும் மட்டும். புதுக் கிண்ணம், புது பிரஷ், புது ஏப்ரன். இஸ்திரி கூடப் போட்டுவிட்டேன், ஏப்ரனுக்கு.

மார்ச் 15, ஞாயிறு

எப்படி எழுதுவது.

பத்து மணிக்கு ஆரம்பித்தேன். நாலு கீற்றைப் பிரித்து, பிளீச் தடவி, அலுமினிய ஃபாயிலில் மடித்தேன். பாட்டு வேறு முணுமுணுத்தேனாம். ஏழு நிமிஷம் போயிருக்கும். "அப்பா, சுடுது" என்றாள். கொஞ்சம் வெதுவெதுப்பு இருக்கும்மா என்றேன். "இல்லப்பா, சுடுது!"

ஃபாயிலைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய தட்டு மாதிரி இருந்தது. லேசாகப் புகை. அவளை அப்படியே இழுத்துப் போய்த் தொட்டியில் சாய்த்து, குழாயை முழுக்கத் திறந்து அலசினேன். நல்ல வேளை, தோலில் ஒன்றும் படவில்லை. என் விரல்தான் இரண்டு சிவந்தது.

துடைத்துப் பார்த்தால், பச்சை. தேன் எங்கே, பச்சை எங்கே! தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடிக்குமே, அந்தப் பச்சை. நாலு கோடு. இழுத்தால் ரப்பர் மாதிரி நீளுகிறது.

மேடத்தைக் கூப்பிட்டேன். ஓடி வந்தார். பார்த்ததும் ஒரே கேள்வி: "இதுக்கு முன்னாடி தலைக்கு என்ன போட்டீங்கன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

முன்பின் தெரியாதவர் வந்து உட்கார்ந்தால்கூட ரெண்டு வருஷக் கதையைக் கேட்டு அட்டையில் எழுதாமல் பிரஷைத் தொட மாட்டேன். ஒரு கொத்தை நறுக்கி அதில் மருந்து போட்டுப் பார்க்காமல் மேலே போக மாட்டேன். என் மகள் ஆயிற்றே! அவள் தலை எனக்குத் தெரியாதா?

தெரியாது போலிருக்கிறது.

மகள் நாலு கோட்டையும் துண்டுக்குள் செருகிக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

மார்ச் 16, திங்கள்

குட்டு உடைந்தது. மூன்று வருஷமாக அவள் தலைக்குப் போட்டது கறுப்பு மருதாணிப் பொடி. பாக்கெட்டில் வருவது. அதில் உலோக உப்பு கலந்திருந்தால் பிளீச் பட்டதும் கொதிக்கும் என்று வகுப்பில் சொன்னார்கள். நான் குறித்துக்கூட வைத்திருக்கிறேன். சிவப்பு மையில்!

மாதாமாதம் தபாலில் அனுப்பியது யார்? என் மனைவி. என் வீட்டிலிருந்தே, என் முதுகுக்குப் பின்னால், பொடிக் கடத்தல்.

"எதுக்குடி?"

"அவளுக்கு நரைச்சிடுச்சு. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கிட்டா."

"நேத்தாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"முகத்துல அவ்ளோ சந்தோஷத்தோட போனீங்க. பொடிக்கும் பிளீச்சுக்கும் ஆகாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன மூணு மாசம் வகுப்புக்கா போனேன்?"

இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவையாவது இவளிடம் பதில் இருந்திருக்கிறதா எனக்கு?

மார்ச் 17, செவ்வாய்

காலையில் தொப்பி போட்டுக்கொண்டு கிளம்பினாள். கண்ணாடிக் கதவுக் கடைக்கு. "போய்ட்டு வாம்மா" என்றேன். வேறென்ன சொல்ல. அவள் கல்யாணம், அவள் தலை.

பொம்மைத் தலையை நானே துண்டால் மூடினேன்.

மார்ச் 18, புதன்

பதினோரு மணிக்குக் கடைக் கதவு திறந்தது. தொப்பி. மகள்! மேடம் என்னைப் பார்த்தார், உடனே துண்டு துவைக்க வேண்டும் என்று உள்ளே போனார். துண்டுகள் எல்லாம் துவைத்து மடித்து அலமாரியில் இருந்தன.

"அவங்க மருந்தைத் தொடவே மாட்டேன்னுட்டாங்க," என்றாள். "கெட்டுப்போன முடியை வெட்டித்தான் ஆகணுமாம். முன்னாடி மட்டும் குட்டையா நின்னா பொருந்தாதாம், மொத்தமும் காது வரைக்கும்."

"அங்கயே வெட்டியிருக்கலாமே?"

"வெட்டறதா இருந்தா நீங்க வெட்டுங்க. ஆனா இந்தத் தடவை பாட்டுப் பாடக் கூடாது."

என் கால் தரையில் இல்லை. ஆனால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன். புது அட்டை ஒன்றை எடுத்தேன்.

"வாங்க மேடம். உக்காருங்க. நம்ம கடைக்கு முதல் தடவையா?"

ஒரு நொடி முறைத்தாள். பிறகு, "ஆமாங்க. முன்னாடி ஒரு தடவை வந்தேன், அனுபவம் சரியில்ல."

"அது பழைய ஆளுங்க. வேலைய விட்டு அனுப்பிட்டோம். நரை எப்போ வந்துதுங்க?"

"இருபத்திமூணு வயசுல."

"வீட்டுல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"அம்மாகிட்ட மட்டும். அப்பா தலைதான் கடைக்கு விளம்பரப் பலகை மாதிரி கருகருன்னு இருக்குமே. பொண்ணு நரைச்சுப்போய் நின்னா அவருக்கு அசிங்கம்னு..."

பேனா நின்றுவிட்டது.

"அந்த அப்பாவுக்கு நரை எப்போ வந்துச்சு தெரியுமா?" என்றேன். "இருபத்திரண்டுல. உங்கம்மாவைப் பாக்கப் போன அன்னைக்கு வியர்வையில மை காலர்ல எறங்கிடுச்சு. ஏதோ வேலை செய்யற பையன் போல, காலரெல்லாம் கரின்னு நெனைச்சுத்தான் சரின்னா."

சிரித்தாள் பாருங்கள்! நாற்காலியே ஆடியது. "அப்ப இது நீங்க குடுத்ததுதானா?" என்று கண்ணீர் வரச் சிரித்தாள். உள்ளிருந்து மேடமும் சிரித்தார். துண்டு துவைக்கிறவருக்கு இவ்வளவு காது.

பிறகு வெட்டினேன். கத்தரி என்றால் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிடரியை ஒட்டி, காதைத் தொட்டு, உச்சியில் மட்டும் கனம் விட்டு. பச்சை முழுக்கத் தரையில். இடது நெற்றியோரம், மேல்முடிக்கு அடியில், பொடி படாத ஒரு வெள்ளைக் கீற்று ஒரு விரல் நீளத்துக்கு நின்றது. மறைக்கவா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்பா. அது முன்னாடி விழற மாதிரி வெட்டுங்க."

தேன் நிறமாவது ஒன்றாவது! கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு ராணி.

மார்ச் 19, வியாழன்

மாப்பிள்ளை வந்து பார்த்தார். அவளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "கழுத்து இவ்ளோ நீளமா?" என்றார். பையன் தேறுவான்.

மார்ச் 22, ஞாயிறு

மண்டபத்தில் மணமகள் அறையில், அவள் தலைக்கென்று இரண்டரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லியிருந்தேன். கொண்டைக் கணக்கு. மாற்ற மறந்துவிட்டேன். டிரையர், மூன்று அளவு பிரஷ், ஊசி டப்பா எல்லாம் பெட்டியோடு போய்ச் சேர்ந்தேன்.

ஒன்பது நிமிஷத்தில் முடிந்தது. கொஞ்சம் கிரீம், விரலால் நாலு கோது, அவ்வளவுதான். நெற்றியில் அந்த வெள்ளைக் கீற்று தானாக வந்து விழுந்தது.

மீதி நேரத்துக்கு என்ன செய்வது? பெட்டியை மூடினேன். திறந்தேன். மறுபடி மூடினேன்.

"அப்பா, இங்க வாங்க. உங்க தலை பறக்குது. உக்காருங்க."

"எனக்கு நானே செஞ்சுக்குவேன்மா. முப்பது வருஷமா..."

"உக்காருங்கப்பா."

உட்கார்ந்தேன். கல்யாணப் பெண் பின்னால் நின்று எனக்குத் தலை வாரினாள். இவ்வளவு காலத்தில் என் தலையில் இன்னொருவர் சீப்பு பட்டதே இல்லை. கழுத்துக்குக் கீழே கூசியது. கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை.

"ஆடாம இருங்க," என்றாள்.

ஆடவில்லை என்றுதான் நினைத்தேன்.

வகிடை வலது பக்கம் எடுத்துவிட்டாள். எனக்கு இடது. நான் கலைக்கவில்லை. எல்லாப் படத்திலும் அப்படியேதான் நிற்கிறேன்.