கானை மூடிய இடத்தில் கூடாரம்

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

நீ இருக்கும் இடத்தில் மழை உண்டா, தெரியவில்லை. இங்கே பசறையில் நேற்றிலிருந்து விடாமல் பெய்கிறது. அம்மனுக்கும் உன் படத்துக்கும் விளக்கு வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மகன் பிரதீப்புக்கு வேலை கிடைத்துவிட்டது. எங்கே தெரியுமா? லுணுகலைக்கு மேலே, மழைத்தண்ணீர் வடிய நீ கான் வெட்டிய அதே மலையில். நம் தோட்டத்தை மூடி, இப்போது பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். துரை பங்களா, துருப்பிடித்த தேயிலை மெஷின், நாம் பிறந்த லயம் எல்லாம் டிக்கட் வாங்கிப் பார்க்கும் சரித்திரமாகிவிட்டன. வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுவது உன் மகன்தான்.

அவன்தான் எங்களைச் சனி ஞாயிறு வந்து கூடாரத்தில் தங்கச் சொன்னான். உன் மச்சானுக்குச் சிரிப்பு. "காசு குடுத்து ஒழுகுற கூரைக்குக் கீழ படுக்கணுமா? அதத்தானே இத்தனை வருசம் சும்மா செஞ்சோம்?" என்றார். எங்கள் மகள் நிரோஷா விடவில்லை. அரிசி, பருப்பு, கருவாடு, கம்பளி எல்லாம் கணக்காகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம்.

லயத்தில் நாம் இருந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள், அண்ணே. அம்மா அடுப்பு வைத்திருந்த மூலையில் கயிறு கட்டி, தொட வேண்டாம் என்று பலகை. உன் மச்சான் அதைப் பார்த்துவிட்டு, "இந்த மூலையிலதான் உன் அத்தைய பொண்ணு பார்த்தேன் மருமகனே. அப்பவே இந்தப் பலகைய வச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்றார். பிரதீப் விழுந்து விழுந்து சிரித்தான். உன் சிரிப்புதான் அவனுக்கு.

பிறகு பங்களாவுக்குள் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் மலைச்சாமி இருந்தது. மலை உச்சியில், கான்கள் தொடங்கும் தலைக்கானுக்குப் பக்கத்தில் நின்ற அந்தக் கல்லேதான். ஐப்பசி மழைக்கு முன்னால் நீங்கள் எல்லாரும் கானைத் துப்புரவாக்கிக்கொண்டே ஏறிப்போய், அதற்குக் கற்பூரம் காட்டிவிட்டு இறங்குவீர்களே. நான் கும்பிடக் கையெடுத்தேன். கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது.

"சாமிய ஏன்டா இறக்குனீங்க?"

"பார்க்க வாறவங்க அவ்வளவு தூரம் ஏற மாட்டாங்க அத்தை."

"சரி, நீங்க ஏறுவீங்களா?"

"சாமிதான் கீழ வந்திருச்சே. நாங்க எதுக்கு ஏறணும்?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் மழைக்கு முன்னால் அந்த மலையை ஏறிப் பார்க்க இனி ஆளில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாமி அங்கே இருந்தவரை, கும்பிடவாவது யாராவது போயிருப்பார்கள் இல்லையா?

கூடாரம் போட்ட இடம் சமமாக, பச்சைப் புல்லாக இருந்தது. எனக்குத்தான் இடம் பிடிபடவில்லை. "இங்க கான் போகுமே? மலைத்தண்ணி ஓடைக்கு இறங்குற பெரிய கான்?" என்று கேட்டேன்.

"நான்தான் மூடுனேன் அத்தை" என்றான் பெருமையாக. "மண்ணு கொட்டி, மிதிச்சு, புல்லு பதிச்சோம். மனேஜர் கை குடுத்தாரு."

அவனை எப்படித் திட்டுவேன், சொல். நீ கான் வெட்டிய காலத்தில் அவன், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடும் பிள்ளைக்காம்பராவில் தொட்டிலில் கிடந்தான். மலை ஊறிச் சரியாமல் தண்ணீரை வடிக்கத்தான் அந்தக் கான் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? கூடாரங்களுக்கு நேர் கீழேதான் அவன் தங்கும் அறை. கதவை உதைத்துத்தான் திறந்தான். "புதுக் கதவு அத்தை, ஈரத்துக்கு ஊதியிருக்கு" என்றான். நான் கதவு நிலையைப் பார்த்தேன். ஊதியிருந்தது கதவில்லை. நிலையே சாய்ந்திருந்தது.

ஞாயிறு விடிந்ததும் முகம் கழுவ, மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் போனேன். இரவு ஒரு தூறல்கூட இல்லை. ஆனாலும் தண்ணீர் செம்மண் கலங்கி விழுந்தது. பிரதீப்பை எழுப்பி மேலே கூட்டிக்கொண்டு ஏறினேன். பாதி மலையில், புல்லுக்குள் நிலம் வாய் பிளந்திருந்தது, அண்ணே. குடையை விட்டுப் பார்த்தேன். பிடி வரைக்கும் இறங்கியது.

அவன் முகம் வெளுத்துவிட்டது. பிறகு என் கையைப் பிடித்தான். "அத்தை, கீழ போய் யாருக்கும் சொல்லாதீங்க. இந்த மாசம்தான் என்னை நிரந்தரமாக்குறாங்க."

"கூடாரத்துல பிள்ளைங்க தூங்குதுடா."

நான் இறங்கி வந்து ஒவ்வொரு கூடாரமாகத் தட்டினேன். கேட்டவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். மனேஜர் வந்து, "வாற ஆட்களைப் பயங்காட்டாதீங்கம்மா" என்று கத்தினார். கிராம சேவகருக்குப் போன் போட்டேன். மேலிடத்துக்கு அறிவிக்கிறேன் என்றார். பிரதீப் எங்கள் பைகளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "என் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்க அத்தை" என்றான். எங்களோடு ஏறவில்லை.

நேற்று மழை பிடித்ததும் போன் எடுத்தேன். "கூடாரமெல்லாம் கழட்டியாச்சு அத்தை, காவலுக்கு நான் மட்டும்தான்" என்றான். அதே அறையில்தான். அவன் இப்போது வந்துவிட்டால் வேலை போய்விடுமாம். வேலைக்குப் பயப்படுகிறான், மலைக்குப் பயப்படவில்லை. இன்று காலையிலிருந்து போன் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது என்கிறார் உன் மச்சான். அப்படித்தான் இருக்க வேண்டும், இல்லையா?

அம்மனிடம் முறையிட்டுவிட்டேன். அவள் என்ன நினைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றுமட்டும் உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். விடிந்ததும் முதல் பஸ்ஸில் போகிறேன். ரோடு மூடியிருந்தால் நடந்து போவேன். அவனைக் கூப்பிடுவேன். வரமாட்டேன் என்று சொன்னால், நானும் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். அத்தையை உள்ளே வைத்துக்கொண்டு உன் மகன் அங்கே இருக்கமாட்டான். அந்த அளவுக்கு அவனை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறேன், அண்ணே.

உன் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்த,
உன் தங்கச்சி.