ஜூம் வளையம் திரும்பும் பக்கம்

என் அன்பு அண்ணி,

நம் பெரிய கேமராவின் ஷட்டர் போய்விட்டது. மைசூரில் அதைப் பழுதுபார்ப்பவரும் இனி முடியாது என்று கையை விரித்துவிட்டார். முகூர்த்த மாதம் நெருங்குகிறது. உங்களைக் கேட்காமல் இந்த வீட்டில் ஒரு கேமரா வாங்குவது இதுதான் முதல் தடவை.

இப்போது எல்லாரும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிவிட்டார்கள். எடை குறைவு. மணப்பெண்ணின் கண்ணைத் தானே தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்துகொள்கிறது. நம் பழைய கம்பெனியின் புது கேமராவை வாங்கினால், ஒரு அடாப்டர் போட்டு உங்கள் லென்ஸ்களையே மாட்டிக்கொள்ளலாம். இன்னொரு கம்பெனியின் கேமரா இன்னும் சிறியது, மங்கலான மண்டபத்திலும் ஃபோகஸ் தப்பாது. ஆனால் அதற்குப் போனால் உங்கள் லென்ஸ்களை விற்றாக வேண்டும்.

எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. அண்ணனிடம் சொன்னேன்.

"அவ லென்ஸ விக்கற பேச்சு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனதிலிருந்து அண்ணன் கேமராவைத் தொடவில்லை, அண்ணி. ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஆல்பம் மட்டும் செய்கிறார். கல்யாணங்களுக்கு வெளியாள் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு நான்தான் போகிறேன். நம் துக்கத்தை வைத்துக் கேமரா வாங்கினால் கல்யாண வீட்டுக்காரர்களுக்கு என்ன நியாயம் என்று கேட்டேன்.

கடைசியில், இரண்டையும் வாடகைக்கு எடுத்து நஞ்சன்கூட்டில் ஒரு கல்யாணத்தில் பார்ப்பது என்று முடிவானது. அன்று காலை வெளியாள் வரவில்லை. வேறு யாரும் இல்லை என்றேன். அண்ணன் நம் பழைய கம்பெனி கேமராவில் உங்கள் லென்ஸை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். மற்றக் கம்பெனி கேமராவை நான் எடுத்துக்கொண்டேன்.

கன்னடக்காரர்கள் வீட்டுக் கல்யாணம். நடுவில் பிடித்த திரையை இறக்கியதும் பெண்ணும் மாப்பிள்ளையும் முதன்முதலாகப் பார்த்துக்கொள்ளும் நேரம். பெண்ணின் முகத்தை நெருக்கிப் பிடிக்க, எப்போதும்போல ஜூம் வளையத்தைத் திருப்பினேன். படம் விலகிப் போனது. அந்தக் கம்பெனி லென்ஸில் வளையம் நேர்மாறாகத் திரும்புகிறது. காலையிலிருந்து நினைவில் வைத்துத்தான் திருப்பிக்கொண்டிருந்தேன். அந்த நொடியில் கை மறந்துவிட்டது. நான் சரிசெய்வதற்குள் பெண் சிரித்துத் தலையைக் குனிந்துவிட்டாள். என் படத்தில் ஃபோகஸ் துல்லியம். ஆனால் அவள் முகம் எங்கோ தொலைவில், யாரோ நீட்டிய செல்போனுக்குப் பின்னால்.

அண்ணன் அதைப் பிடித்திருந்தார். மறுநாள் திரையில் பார்த்தபோது பெண்ணின் கண்ணில் அந்தச் சிரிப்பு தொடங்கிக்கொண்டிருந்தது.

அவர் நியாயமாகத்தான் பேசினார். "பழகிட்டா உன் கேமராதான் நல்லது. அத நான் மறுக்கல."

"பழகற வரைக்கும் யார் கல்யாணத்துல தப்பு பண்றது, அண்ணா?" என்றேன்.

நம் பழைய கம்பெனியின் கேமராவையே வாங்கிவிட்டோம். பாசத்துக்காக அல்ல, அண்ணி, கைப்பழக்கத்துக்காக. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இரண்டு மெமரி கார்டு போட இடம் இருக்கிறதா என்றுதான் நீங்கள் முதலில் கேட்பீர்கள். இருக்கிறது. சத்தமில்லாமலும் எடுக்கலாம், ஆனால் மேடையின் எல்.இ.டி. வெளிச்சத்தில் படத்தில் கோடு விழுகிறது. அதனால் முகூர்த்தத்துக்குச் சத்தத்தோடுதான்.

நேற்று கொள்ளேகாலிலிருந்து உங்கள் அம்மா அண்ணனைப் போனில் அழைத்தார். உங்கள் தங்கைக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. தயங்கித் தயங்கிச் சொன்னார்: "போட்டோவுக்கு வேற ஆளச் சொல்லிக்கறமுங்க மாப்ள. உங்களுக்கு மனசு தாங்காது."

அண்ணன், "வேற ஆள் வேண்டாம் அத்தை. நானே வர்றேன்" என்றார்.

அவருக்கு அன்று தாங்குமா? எனக்குத் தெரியவில்லை. தாலி கட்டும் நேரத்தில் அவர் கண் கலங்கிக் கேமராவை இறக்கினால், பக்கத்தில் என் கேமரா இறங்காது. உங்கள் தங்கையின் அந்த ஒரு நொடி தவறாது, அண்ணி. இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்கள் தோளோடு தோளாக நின்று படமெடுத்த நாத்தனார்,
கௌரி