ஆறாம் கம்பம்

மார்ச் 3, செவ்வாய்

டயானா காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். குளிர்கண்டெய்னர் வரிசையில் ஆறாம் கம்பத்தை நெருங்கினாலே அவளுடைய டேப்லெட்டில் வைஃபை அறுந்துவிடுகிறதாம். அங்கே நின்றுதான் ஒவ்வொரு கண்டெய்னரின் குளிரையும் அவள் பதிய வேண்டும். உள்ளே இருப்பது இறால். பதிவு விட்டுப்போனால் ஏற்றுமதிக்காரர் சரக்கு முழுவதையும் சந்தேகப்படுவார்.

நேசக்குமார் யார்டு மேனேஜர் அல்லவா, உடனே வைத்தியம் சொன்னான். "பவரக் கூட்டி வச்சிருங்களேன் அண்ணாச்சி. முடிஞ்சுது."

எத்தனை முறை சொல்வது? கம்பத்து உச்சியில் இருக்கிற வைஃபை பெட்டி, அந்த ஆக்சஸ் பாயின்ட், மட்டும் சத்தம் போட்டு என்ன பயன்? டேப்லெட்டின் குரல் சின்னது. அது பதில் சொல்வது கம்பத்துக்குக் கேட்க வேண்டாமா? அதனால்தான் பதினாறு கம்பத்திலும் பவரைக் குறைத்து வைத்திருக்கிறேன். ஒரு கம்பம் மங்கினால்தான் டேப்லெட் அதை விட்டுவிட்டு அடுத்த கம்பத்தைப் பிடிக்கும். இதை எனக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித்தரவில்லை. திரேஸ்புரத்தில் விசைப்படகுகளின் வயர்லெஸ் செட்டுகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேனுவலாகப் படித்தேன். இந்த யார்டில் வைஃபை என்று ஒன்று இருப்பதே என்னால்.

ஆறுக்கு மட்டும் சேனலை மாற்றியிருக்கிறேன். பார்ப்போம்.

மார்ச் 5, வியாழன்

சேனலின் அகலத்தைப் பாதியாகக் குறைத்தேன். ஆறு அடங்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

ராடாருக்கு முன்னுரிமை உள்ள சேனல்கள் சில உண்டு. ராடார் தென்பட்டால் ஆக்சஸ் பாயின்ட் உடனே அந்தச் சேனலைக் காலி செய்துவிட வேண்டும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் அந்த வம்பே வேண்டாம் என்று அவற்றையெல்லாம் நீக்கினேன். தூரத்திலிருந்து ஒட்டிக்கொள்ளும் கருவிகளைக் கழற்றிவிடுகிற அளவையும் கொஞ்சம் ஏற்றினேன்.

மத்தியானம் டயானா வந்து மேசை முன்னால் நின்றாள். "அண்ணாச்சி, நீங்க தடவத் தடவ அது சீக்குக் கோழி மாதிரிச் சுருண்டுக்கிட்டே போவுது. ஒரு தடவ மேல ஏறிப் பாத்தா என்ன?"

"ஏளா, ஏறிப் பாக்க அது என்ன பனையா? எல்லாம் செட்டிங்லதான் இருக்கு."

"கீழ நின்னுக்கிட்டே பதனி எறக்குத ஆள இப்பத்தான் பாக்கேன்."

ஆபீஸே சிரித்தது. நேசக்குமாரும் சிரித்தான். பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டு என் காலைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து கோயில் படி இறங்கும்போது நேசக்குமார் என் முழங்கையைப் பிடித்தான். எல்லோரும் பார்க்கிறார்கள். தட்டிவிட்டேன்.

"சும்மாதான் அண்ணாச்சி" என்றான்.

சும்மா பிடிக்க என் கை என்ன தேர் வடமா?

மார்ச் 18, புதன்

 

இன்று காலை எல்லாக் கம்பத்தையும் மேய்க்கிற கண்ட்ரோலரைத் திறந்தால் பதினாறு கம்பத்திலும் பவர் உச்சத்தில் இருக்கிறது. நான் வைக்கவில்லை. நிர்வாகிகள் பகுதியில் என் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு பெயர்: சிவப்பிரகாஷ். யார் அது? எங்கிருந்து வந்தான்? யார் கதவைத் திறந்துவிட்டது?

இதைக் கேட்க வேண்டியதே இல்லை. கண்ட்ரோலரின் பாஸ்வேர்டு இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையில் எனக்கு முட்டு ஆபரேஷன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பிழைத்து வருவேனோ மாட்டேனோ, யார்டு நின்றுவிடக் கூடாது என்ற ஒரே எண்ணம். நேசக்குமாரைக் குனியச் சொல்லி, அவன் காதில் பாஸ்வேர்டைச் சொன்னேன். ஈவாஞ்சலின் பக்கத்தில்தான் நின்றாள். பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லவில்லை. அவனுக்குச் சொன்னேன்.

அதை எவனோ ஒருவனிடம் கொடுத்துவிட்டான்.

மார்ச் 19, வியாழன்

எல்லாவற்றையும் பழையபடி குறைத்து வைத்தேன். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அவனாக வந்து சொல்லட்டும்.

மார்ச் 20, வெள்ளி

மறுபடி உச்சத்தில்! குறைத்தேன். அவன் வரவில்லை.

மார்ச் 21, சனி

நானே கேட்டுவிட்டேன். அவனுடைய அறையில், கதவைச் சாத்திவிட்டு.

"யாருலே சிவப்பிரகாஷ்?"

உட்காரச் சொன்னான். உட்காரவில்லை.

மதுரையில் நெட்வொர்க் போடுகிற கம்பெனிக்காரனாம். முதலாளிதான் கூப்பிடச் சொன்னாராம். நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் வரவழைத்திருக்கிறான். திருடனை வரவழைக்கிறாற்போல.

"ஆறாம் கம்பத்துல ஏறிப் பாத்தான் அண்ணாச்சி. ஆன்டெனா மூட்டு பூராவும் உப்பு. பச்சப் பசேல்னு அரிச்சுக் கெடந்துச்சு. வேற மாட்டி டேப்பு சுத்திட்டான். இப்ப அறுக்கல. டயானாட்ட வேணா கேளுங்க. ஒங்க செட்டிங் ஒண்ணுலயும் தப்பில்ல."

"அப்பம் எதுக்கு எல்லாத்தையும் ஏத்தி வச்சான்?"

"அது அவன் பழக்கம். நான் கொறைக்கச் சொல்லுதேன்."

"எங்கிட்ட ஏம்லே சொல்லல?"

மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்.

"சொன்னா நீங்க ஏறுவிய. அதான் சொல்லல."

ஏறியிருப்பேன்தான். அதிலென்ன? விழுந்தால் விழுகிறேன். அது என் கம்பம். என்னைக் கேட்காமல் என் காலுக்கு இவன் காவலா? இரக்கப்பட்டானாம். இரக்கப்படுகிறவன் முகத்துக்கு நேரே இரக்கப்பட வேண்டும். முதுகுக்குப் பின்னால் காட்டுவதற்குப் பெயர் வேறு.

மார்ச் 22, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ஈவாஞ்சலினிடம் முட்டு வலி என்றேன்.

ஆறாம் கம்பத்தின் சிக்னலை வீட்டிலிருந்தே பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. டேப் சுற்றத் தெரிந்தவனெல்லாம் நெட்வொர்க் ஆளா?

திரேஸ்புரத்தில் எத்தனை படகு, எத்தனை ஆன்டெனா. செட்டு ஊமையாகிவிட்டது என்று ஒருவன் வந்தால் செட்டைத் திறக்கவே மாட்டேன். முதலில் மேலே மூட்டைத்தான் பார்ப்பேன். கடல் காற்று முதலில் கடிப்பது அங்கேதான். உப்பைப் பற்றி எனக்கு ஒருவன் சொல்ல வேண்டுமா? தெரியும். ஆறு கடலோரத்துக் கம்பம் என்பதும் தெரியும். தெரிந்துதான் —

போதும்.

மார்ச் 23, திங்கள்

சிவப்பிரகாஷை நீக்கினேன். பாஸ்வேர்டை மாற்றினேன். இனி இது ஒருவனுக்குத்தான் தெரியும்.

மார்ச் 26, வியாழன்

முதலாளி கூப்பிட்டுப் பாஸ்வேர்டு கேட்டார். தரவில்லை. "ஒங்களுக்குச் சொல்லலாம் சார். நீங்க நேசக்குமாருக்குச் சொல்லுவிய" என்றேன். அப்படியானால் எல்லாக் கம்பத்தின் செட்டிங்கையும் அழித்துப் புதிதாகப் போட்டுக்கொள்கிறோம் என்றார். தாராளமாக என்றேன்.

வெளியே வந்தால் நேசக்குமார் நிற்கிறான். "அண்ணாச்சி" என்றான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

மார்ச் 30, திங்கள்

இன்று அழித்தார்கள். ஒவ்வொரு கம்பமாக ஏணி போட்டு, சிவப்பிரகாஷ் ஏறி, செட்டிங்கையெல்லாம் அழிக்கிற சின்னப் பொத்தானை ஊசியால் அழுத்தினான். ஒல்லியான பையன், குரங்கு மாதிரி ஏறுகிறான். நான் ஆபீஸில் என் கண்ட்ரோலர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பச்சைப் புள்ளி ஒவ்வொன்றாகச் சாம்பலானது. ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றுக்கும் எந்தச் சேனல், எத்தனை பவர், எந்த அளவில் கழற்றிவிட வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். நான்கு. ஐந்து.

அடுத்து ஏழு போனது.

சாயங்காலம் பதினைந்தும் சாம்பல். ஆறு மட்டும் பச்சையாகவே இருக்கிறது. மறந்துவிட்டார்களா?

டயானாதான் சொன்னாள். "ஆற விட்ரச் சொல்லிட்டாரு மேனேஜரு. 'அது அண்ணாச்சி கம்பம், அவுக சொல்லாமத் தொடக் கூடாது'ன்னாரு. அந்தப் பையன் தலையில அடிச்சுக்கிட்டுப் போறான்."

பிச்சை போடுகிறானா?

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. இத்தனை வருஷமும் நானும் நேசக்குமாரும் ஒரே பெஞ்சில்தான் உட்காருவோம். நான் தூண் பக்கமாக இடம் மாறி உட்கார்ந்தேன். அவன் பக்கத்து இடத்தில் கடைசி வரை யாரையும் உட்காரவிடாமல் கைக்குட்டையைப் போட்டு வைத்திருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஈவாஞ்சலின் பிடித்துக்கொண்டாள். "சிலுவையில சொன்ன ஏழு வார்த்தையும் கேட்டுட்டுத்தான வந்திருக்கிய? அதுல மொத வார்த்தை எதப் பத்தி?"

மன்னிப்பைப் பற்றி. தெரியும். அது அறியாமல் செய்தவர்களுக்கு. இவன் அறிந்து செய்தவன்.

சொன்னேன். அவள் கஞ்சியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 6, திங்கள்

டயானா இன்று சிரிக்கவில்லை.

ஐந்து வரைக்கும் புது நெட்வொர்க். ஆறுக்கு வந்தால் பழையது. ஏழில் மறுபடி புதியது. ஆறின் கீழே டேப்லெட் எதையும் பிடிக்காமல் திணறுகிறது. பழைய நெட்வொர்க்கைக் கையால் தேடி இணைத்தாலும் பதிவு போய்ச் சேர்வதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அங்கே ஒரு கண்டெய்னரில் குளிர் குறைந்து சூடு ஏறியிருக்கிறது; டேப்லெட்டில் எச்சரிக்கை வரவில்லை. அவள் தற்செயலாகக் கதவோரம் நின்று மீட்டரைப் பார்த்ததால் பிழைத்தது.

"நீங்க அவருகிட்டப் பேச மாட்டிய. அவரு ஒங்களக் கேக்காமத் தொட மாட்டாரு. ஒங்க ரெண்டு பேரு ரோசத்துலயும் எறா அழுவி நாறுனா, வேல போறது எனக்கு அண்ணாச்சி."

அவள் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். பவரைக் கூட்டினால் சரியாகாது. குறைத்தாலும் ஆகாது. இதற்கு ஒரு செட்டிங்தான் இருக்கிறது. அது என் கையில் இருக்கிறது.

அவனை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

ஆபீஸுக்குப் போனதும் என் கண்ட்ரோலரில் ஆறைத் திறந்தேன். வேறு யாரும் பொத்தானை அழுத்த வேண்டாம். நான் போட்டதை நானே அழித்தேன். கடைசிப் பச்சையும் சாம்பலானது. பிறகு என் லேப்டாப்பிலிருந்தே அதைப் புது நெட்வொர்க்கில் சேர்க்க ஆரம்பித்தேன். சிவப்பிரகாஷ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பவரை என் அளவுக்கே வைத்தேன்.

கடைசியில் திரை புதுப் பாஸ்வேர்டைக் கேட்டது.

எனக்குத் தெரியாது. சிவப்பிரகாஷைப் பார்த்தேன். "மேனேஜர் சாரே போட்டுக்கிட்டாரு சார். எனக்கும் சொல்லல" என்றான்.

நேசக்குமார் அறையிலிருந்து எழுந்து வந்தான். டயானா வாசலில் நிற்கிறாள். கிளார்க்குகள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவன் தாளில் எழுதித் தரவில்லை. விசைப்பலகையில் தானே அடிக்கவும் இல்லை. என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தான்.

நான் அவனோடு பேசவில்லை. காதை மட்டும் கொடுத்தேன்.